எட்டடிக் கூண்டு

கீழச்சிவல்பட்டிச் சேவுகன் ஆசாரி அளவு பார்க்காமல் எதையும் செய்வதில்லை. வீடு கட்டுவதானால் எல்லாரும்தான் மனையடி பார்ப்பார்கள். அவரோ தொட்டிலுக்கும் பார்ப்பார், நெல் போடும் பத்தாயத்துக்கும் பார்ப்பார். ஒருமுறை கோழிக்கூட்டுக்கும் பார்த்தார். உள்நீளம் இத்தனை அடியானால் செல்வம், இத்தனை அடியானால் பீடை என்று அவருடைய தகப்பனார் சொல்லிக்கொடுத்த கணக்கு அவர் நாவின் நுனியில் இருந்தது. ஆகாத அளவை எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும் மறுத்துவிடுவார். அந்த மறுப்பிலும் ஒரு பணிவு இருந்ததால் யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த ஆண்டு சித்திரையில் காரைக்குடி மகர்நோன்புப் பொட்டலில் ஒரு மிருகக் காட்சி வந்து இறங்கியது. புலி, கரடி, ஒட்டகம், தீக்கோழி என்று பதினைந்து இருபது கூண்டு வண்டிகள். அதன் முதலாளி ராவ், வடக்கேயிருந்து வந்த மராட்டியர். வழியில் பெய்த மழையில் புலிக்கூண்டின் தட்டு இற்றுப்போயிருந்தது. நல்ல தச்சர் வேண்டுமென்று விசாரித்தவர்கள் சேவுகனைக் காட்டினார்கள்.

"புதுக் கூண்டே வேணும். நீளம் ஒன்பது அடி," என்று சொல்லிவிட்டு ராவ் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

சேவுகனுக்கு மனம் ஒப்பவில்லை. உயிர் குடியிருக்கும் இடத்துக்கு ஒன்பது ஆகாது. பத்து போட்டால் வண்டிக்கு வெளியே துருத்தும். எட்டு நல்ல அளவு. ராவிடம் சொன்னால் வாதம் வரும். வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று எண்ணி, சொல்லாமலே எட்டடியில் முடித்தார். கஞ்சத்தனமாகவும் முடிக்கவில்லை. முகப்பு உத்தரத்தில், பெரிய வீட்டு வாசல்நிலையில் செதுக்குவதைப்போல ஒரு கொடியும் நடுவில் தாமரையும் செதுக்கினார். கூண்டு வந்து சேர்ந்த அன்று வாசலில் கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது. ராவ் முகத்தைச் சுளித்தாலும், வேறு வழியின்றிப் புலியை அதில் ஏற்றிவிட்டார்.

காட்சியின் கடைசி நாளன்று சேவுகன் தம் மனைவி மீனாளை அழைத்துக்கொண்டு பொன்னழகுவின் மாட்டுவண்டியில் கிளம்பினார். பொன்னழகு பக்கத்துத் தெருவில் உழுது பிழைக்கும் சம்சாரி, வாய்த்துடுக்குக்காரன்.

"ஆசாரியாரே, புலியப் பாக்கப் போறீகளா, கூண்டப் பாக்கப் போறீகளா?"

"ரெண்டையுந்தேன்."

"அவுகளுக்குக் கூண்டுதேன் மொதல்ல," என்றாள் மீனாள். "புலி செத்துப்போச்சுன்னாலும் சீட்டு வாங்கிட்டு உள்ள போவாக."

பொட்டலில் தலைகளே தெரிந்தன. கடலை விற்பவர்கள், பனைவிசிறி விற்பவர்கள், தோளில் பிள்ளைகளைச் சுமந்தவர்கள். ஒட்டகத்தின் முன்னால் நின்ற ஓர் ஆச்சி, "இதுக்கு முதுகுல கட்டி வந்திருக்கே, மருந்து போடப்படாதா?" என்று இரக்கப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தீக்கோழி ஒரு பெரியவரின் மேல்துண்டைக் கவ்வ, அவர் இழுக்க, அது இழுக்க, மூன்று ஊர்க்காரர்கள் ஒரே குரலில் சிரித்தார்கள்.

புலிக்கூண்டைச் சுற்றித்தான் நெரிசல் அதிகம்.

"அங்குட்டுத் தள்ளுங்கப்பா!" என்று பொன்னழகு முழங்கினான். "கூண்டு செஞ்சவுகளே வந்திருக்காக!"

சிலர் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள். தாமரையைச் சுட்டிக்காட்டி ஒருவர், "செட்டியார் வீட்டு வாசல்ல இருக்கவேண்டிய வேலை," என்றார். "புலிக்கு வந்த நேரத்தப் பாரு! எனக்கு இன்னும் ஓலைக் குடிசதேன்," என்றார் இன்னொருவர். சேவுகன் தலையைக் குனிந்துகொண்டார். மகிழ்ச்சி முகத்தில் தெரிந்துவிடக்கூடாதே என்ற கூச்சம்.

பிறகுதான் அவர் கம்பிகளுக்குள்ளே பார்த்தார்.

புலி உடம்பை மடக்கிப் படுத்திருந்தது. ஓர் இளைஞன் குச்சியால் கம்பியைத் தட்டி, "எந்திரி, நடந்து காட்டு! சோம்பேறிப் புலியால்ல இருக்கு," என்றான். அது எழுந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் கூண்டு முடிந்துவிட்டது. திரும்ப முயன்றது, பின்பக்கம் பலகையில் இடித்தது, மூக்கு கம்பியில் உரசியது. உரசிய இடம் ஏற்கெனவே தோலுரிந்து சிவந்திருந்தது. பாதி திரும்பிய நிலையிலேயே அது மறுபடி படுத்துக்கொண்டது.

கதைகளில் வரும் புலி வாய் திறந்து தன் குறையைச் சொல்லிவிடும். உண்மைப் புலிக்கு அந்த வசதி இல்லை. யாராவது பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் உண்டு.

"ஏம்ப்பா, மூக்குல ரத்தம் வருதே?" என்று மீனாள், அப்போதுதான் தண்ணீர் வாளியோடு வந்த புலி பராமரிப்பவனிடம் கேட்டாள்.

"கூண்டு குட்டைம்மா," என்றான் அவன். "பழைய கூண்டுல நாளெல்லாம் நடக்கும், திரும்பும், நடக்கும். அதுக்கு வேற என்ன வேலை இருக்கு? இதுல திரும்பவே முடியல. இரையும் சரியா எடுக்கல. எவனோ ஓர் ஆசாரி, ஒன்பது அடி கேட்டா எட்டு அடி செஞ்சு குடுத்துட்டான். ஓர் அடி மரத்தை மிச்சம் பிடிச்சிருக்கான்!"

பொன்னழகு மீசையை முறுக்கிக்கொண்டு பாய்ந்தான். "யாரப் பாத்து என்ன பேச்சுப் பேசுற?"

"விடு, பொன்னழகு," என்றார் சேவுகன். கூட்டத்தை விட்டு விலகி ஒரு புளியமர நிழலுக்குப் போனார். மீனாள் பின்னாலேயே வந்தாள்.

"மரத்தத் திருடினேங்கிறானே, மீனா! ஒம்பது ஆகாதுன்னுதானே எட்டு வச்சேன். குடியிருக்கவகளுக்குப் பீடைன்னு எங்கய்யா சொல்லியிருக்காக."

மீனாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூண்டின் பக்கமே பார்த்திருந்தாள்.

"குடியிருக்கவகன்னா யாரு?" என்றாள் பிறகு. "காலையில வெளிய போயி, அந்தியில வீடு வாரவக. நம்ம வீடு ரெண்டடி குறைஞ்சாலும் தெருவுல நடந்துக்குவோம். இது எங்குட்டுப் போயி நடக்கும்?"

"அவன் என்னயத் திருடன்னு..."

"அது அவன் தப்பு. நாலு வார்த்த சொல்லித் தீத்துக்கலாம். மூக்குல ரத்தம் நம்ம தப்புல்ல?"

தகப்பனார் சொன்ன கணக்கு பொய்யென்று சேவுகனுக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கணக்கு, கதவைத் தானே திறந்து மூடத் தெரிந்தவர்களுக்காக யாரோ போட்டது. கதவு தன் கையில் இல்லாத ஓர் உயிருக்கு எது நல்ல அளவு என்று அவருடைய தகப்பனாரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவர் நேராக ராவின் கூடாரத்துக்குப் போனார்.

"நாளைக்கு விடியக்காலம் மதுரைக்குக் கிளம்பறோம். இப்ப என்ன செய்ய முடியும்?" என்றார் ராவ் சலிப்புடன். "எதுக்காக எட்டு வச்சீங்க?"

சேவுகன் ஒளிக்காமல் சொன்னார். ராவ் சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். ஒங்களுக்குப் புரியாதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன். தப்புதேன். கூட்டம் கலைஞ்சதும் கூண்ட எங்கிட்ட விடுங்க. கூலி வேணாம், மரமும் என்னுது."

பொன்னழகு முணுமுணுத்துக்கொண்டே வண்டியைப் பூட்டி, காரைக்குடித் தச்சர் தெருவில் சேவுகன் பேரைச் சொல்லி ஆயுதப்பெட்டியும் பலகைகளும் வாங்கிவந்தான். வெயில் தாழ்ந்து சனங்கள் கலைந்தார்கள். கரடியை அதன் கூண்டின் ஒரு தடுப்புக்குள் ஒதுக்கி, மறு தடுப்பில் புலியை ஏற்றினார்கள்.

கடைசிச் சுவரைக் கழற்றி ஓர் அடி தள்ளி நிறுத்துவது எளிதாக முடிந்தது. முகப்பு உத்தரத்துக்குத்தான் வழியில்லை. அந்த நீளத்துக்கு வேறு மரம் கையில் இல்லை. மூலைக்கால்களில் பொருந்திய முனைகளில் ஒட்டுப்போட்டால் தாங்காது. இருக்கிற உத்தரத்தை நடுவில் அறுத்து, இடையில் ஒரு வெறுந்துண்டைக் கோத்து நீட்ட வேண்டும். நடுவில் தாமரை இருந்தது.

"அறுக்கவா போறீக?" என்றான் பொன்னழகு. "எம்புட்டு நாள் வேல அது!"

"அந்த முனையப் பிடி, மீனா," என்றார் சேவுகன். தாமரையின் நடுவில் ரம்பத்தை வைத்து இழுத்தார். இதழ்கள் தூளாகி அவள் கைமேல் உதிர்ந்தன.

துண்டைக் கோத்து, முளையடித்து, புதுக் கம்பியை நட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே மண்டியிட்டு, சட்டங்களின் ஓரத்தையெல்லாம் கையால் தடவித் தடவி இழைத்தார். புலி பராமரிப்பவன் விளக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மரம் மிச்சம்னு சொன்னது..." என்று தொடங்கினான்.

"அது கெடக்கட்டும். அதோட மூக்கு எம்புட்டு உசரத்துல இருக்கும், காட்டுப்பா."

அவன் கையை வைத்துக் காட்டினான். சேவுகன் அந்த உயரத்தில் இருந்த ஒவ்வொரு கம்பியிலும் சணல் துணியை இறுக்கிச் சுற்றி, புண் ஆறும்வரை அவிழ்க்கவேண்டாமென்று சொன்னார். பிறகு வெளியே வந்து, ஒட்டி நிறுத்தியிருந்த இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே இருந்த பலகையைத் தாமே தூக்கினார்.

புலி உள்ளே வந்தது. தரையை முகர்ந்தது. கடைசிவரை நடந்தது. அங்கே சற்றுத் தயங்கி, எதிலும் இடிக்காமல் திரும்பியது.