வளைவின் மறுமுனை

டமார்!

கிரேனின் பட்டையிலிருந்து நழுவிய கடைசித் தகடு, முழங்கால் உயரத்திலிருந்து புல்தரையில் விழுந்து வெகுநேரம் அதிர்ந்தது. பூங்காவின் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. எதிரே ஆஸ்பத்திரி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை! புல்லுக்குத்தான் அடி!" என்று கத்தினார் பட்டறைக்காரர்.

இந்தத் தகடுகளை இணைத்துப் பூங்காவில் எழுப்பும் சுவரை வடிவமைத்தவள் அவருடைய தங்கை. குனிந்து, தகட்டின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை.

"மாட்டுங்க," என்றாள். கிரேன்காரரிடம்தான், அண்ணனிடம் அல்ல.

பட்டறையில் அண்ணனுக்கு 'ரம்பம்' என்று பெயர். வாயைத் திறந்தால், எதிரில் நிற்பவர் இரண்டு துண்டாகும்வரை நிறுத்தமாட்டார். ஆனால் வேலையில் கெட்டி. படிப்பு முடித்த கையோடு தங்கை வரைந்த முதல் நாற்காலியிலிருந்து இன்றுவரை, அவள் வரைந்த எதுவும் வேறு பட்டறையின் நெருப்பைப் பார்த்ததில்லை.

இந்தச் சுவர் பிறைநிலா வடிவம். ஒரு முனையில் உட்கார்ந்து சுவரோரமாக முணுமுணுத்தால், சத்தம் வளைவின் உள்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போய் மறுமுனையில் இருப்பவர் காதில் விழ வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்து, வெளியே காத்துக் கிடப்பவர்கள், யார் முகத்தையும் பார்க்காமல் நாலு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்பது அவள் எண்ணம். அதற்கு உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும்.

அங்கேதான் சறுக்கியது. காலமெல்லாம் கடை முகப்பும் மாடிக் கைப்பிடியும் செய்த கை அண்ணனுடையது. பளபளப்பு என்றால் ஊர் பார்க்கும் வெளிப்பக்கம்தான். வரைபடத்தில் அவள் போட்டிருந்த அம்புக்குறியைப் பார்க்காமல், பேசிக்கொண்டே எல்லாத் தகடுகளையும் பளபளப்பு வெளியே வரும்படி வளைத்துவிட்டார். முதுகில் மினுமினுப்பு, வயிற்றில் சொரசொரப்பு. பிறகு உள்பக்கம் முழுவதையும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவதற்குள் திறப்பு விழாவே தள்ளிப்போனது.

"பாப்பா," என்று அவள் பின்னாலேயே வந்தார். "அடுத்து அந்த பஸ் ஸ்டாண்ட் கூரை... நம்ம பட்டறையிலதானே?"

"முதல்ல இந்தச் சுவர் பேசட்டும்ணா."

"பேசாம எங்க போகும்? என் கைபட்டு எது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கு?"

"அதான் பயமா இருக்கு."

சிரித்துவிட்டாள். அண்ணனுக்குப் பாதி உயிர் வந்தது.

கடைசித் தகட்டையும் மாட்டி முடித்தபோது நகராட்சி இன்ஜினியர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுவரை ஒருமுறை சுற்றினார்.

"இது சிற்பமா, பாதியா வெட்டின தண்ணித் தொட்டியாம்மா?"

"உட்கார்ந்து கேட்டுட்டுச் சொல்லுங்க சார். அண்ணா, நீ அந்த முனைக்குப் போ. ஏதாவது பேசு."

"என்ன பேசறது?"

"கடவுளே! இந்தக் கேள்வியை உன் வாயால கேக்கறதுக்கு நான் பொறந்ததிலிருந்து காத்துக்கிட்டிருக்கேன். போ!"

அவர் போனார். மறுமுனையில் பெஞ்சு வெயிலில் சுட்டது. உட்கார்ந்து, எண்ணெய்க்கறை படிந்த விரல்களைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். ஊரையே அறுத்த வாயில் ஒரு வார்த்தை கூட எழவில்லை. சத்தம் போய்ச் சேராவிட்டால் கூரை வேலை மட்டுமா போகும்? தங்கையின் வரைபடச் சுருளை இனி வேறு யாரோ பிரிப்பார்கள்.

முதலில் கேட்டுப் பார்ப்போமே என்று சுவரோரமாகக் காதைக் கொண்டுபோனார்.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பின்னால் நின்று கனைத்த மாதிரி இருந்தது. திடுக்கிட்டுத் திரும்பினார். யாருமில்லை. தூரத்தில் அந்த முனையில் தங்கைதான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கேட்கிறது! ஒரு பிசிறு இல்லாமல் கேட்கிறது! 'பாப்பா!' என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் இன்ஜினியரின் குரல் வந்தது.

"உங்க அண்ணன் ஒண்ணும் பேசற மாதிரி தெரியலையே. சரி, இந்தத் தாமதத்துக்கு யார் காரணம்னு நான் மேல சொல்லணும். பட்டறைன்னு சொல்லிடவா?"

தங்கையின் குரல் தோளில் கை வைத்தது போல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

"என் தப்புன்னே சொல்லிடுங்க சார். இனிமே அண்ணனுக்கு நான் வேலை தரப்போறதில்லை, மத்தவங்களாவது தரணும்ல."