தோத்தவ எழுதின பிராது

இரண்டாயிரத்தாறு உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பிரசாரத்தில் மைக்செட்டுச் சத்தம் தாங்காமல், சூளைக்குள் அடுக்கியிருந்த நூற்றிப்பத்து பொம்மைகளும் காதைப் பொத்திக்கொண்டு வெந்துவிட்டன. அப்படியே பெயிண்ட் அடித்து விற்றோம். நம்பாதவர்கள் பண்ருட்டிப் பக்கம் போய் விசாரிக்கலாம். நான் ராஜாங்கம். விருத்தாசலத்தில் மாணிக்கவேலின் பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளை பார்க்கிறவன்.

மாணிக்கவேல் கட்சியில் வட்டச் செயலாளர். தான் நிற்க முடியாத வார்டில் பெண்டாட்டி பெரியநாயகியை நிறுத்தினான். எதிரே நின்றவள் காசியம்மாள். பக்கத்துப் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள், சுயேச்சை. அவள் நோட்டீசில் ஒரே வரிதான்: ‘பட்டறைத் தெருவில் பொம்பளைங்களுக்குக் கக்கூஸ்.’

ஆம்பளைகள் அதைப் படித்துச் சிரித்தார்கள். எங்களுக்கென்ன, ரயில்வே லைன் ஓரம் முழுக்க எங்கள் பேரில் பட்டா போட்ட மாதிரி. பெண்கள் காலையில் வூட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். சூளை அனலில் நின்றாலும் பொழுது சாயும்வரை குடிக்கமாட்டார்கள். பெரியநாயகியும் ஓனர் சம்சாரம் ஆவதற்கு முன்னால் பதினோரு வருஷம் அப்படிக் கிடந்து அச்சில் மண்கூழ் ஊற்றியவள்தான்.

“நம்ம நோட்டீசுலயும் அத போடுங்களேன்” என்று அவள் கேட்டாள்.

“தலைவர் படத்துக்குக் கீழ கக்கூஸா? என்னை வட்டத்துலேருந்தே தூக்கிடுவாங்கடி” என்றான் மாணிக்கவேல்.

எண்ணி முடித்தபோது காசியம்மாளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு, பெரியநாயகிக்கு நானூற்றுப் பதினொன்று.

ஒரு ஓட்டு. மாணிக்கவேலுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் வேலை செய்யும் இருபத்து மூன்று பெண்களையும் கற்பூரம் அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கி, வேனில் ஏற்றிப் போய் ஓட்டுப் போட வைத்தவன். அதில் ஒருத்திதான் மாத்திப் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினான். அது கனகாதான் என்றும் முடிவு கட்டினான். பூத்து வரிசையில் அவள் காசியம்மாளைப் பார்த்து “சாப்ட்டியாக்கா?” என்று கேட்டாளாம். அதுதான் சாட்சி.

கனகா புருஷனை இழந்தவள். இரண்டு பெண் குழந்தைகள்.

அன்று சாயங்காலம் பெரியநாயகி சூளைப் பக்கம் வந்தாள். “மாமா, கனகா இல்ல. நான்தான். என் பேருக்கு நேரா குத்தறதுக்குத்தான் முத்திரைய எடுத்தேன். கை காசியம்மாளுக்குப் போயிடுச்சு. நான் எனக்கே போடல மாமா.”

நாற்பது வருஷமாகக் கதை விடுகிறவன் நான். இவ்வளவு நல்ல கதை எனக்கு வாய்த்ததே இல்லை. ஆனால் அவள் மை வைத்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“யாருகிட்டயும் சொல்லாத” என்றேன். “கொஞ்ச நாளு கத்துவான். மறந்துடுவான்.”

அவன் மறக்கவில்லை. மறுநாளே மணவாளநல்லூருக்குக் கிளம்பச் சொல்லிவிட்டான். அங்கே கொளஞ்சியப்பர் சாமி இருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற மாதிரி அவருக்குப் பிராது எழுதி, காலடியில் வைத்து எடுத்து, காவல் சாமி முனியப்பரின் வேலில் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பொய்ப் பிராது எழுதினால் தீர்ப்பு எழுதினவர் மேலேயே திரும்பும் என்பார்கள். மாணிக்கவேல் கையெழுத்தையே படம் மாதிரி வரைகிறவன். எழுதவும் படிக்கவும் வராது. அதனால் அவளையும், சாட்சிக்கு என்னையும் கூட்டிப் போனான்.

“தோத்தவ நீ. நீதான் எழுதணும்” என்று முனியப்பர் சிலைக்கு முன்னால் தாளை அவள் மடியில் வைத்தான். “எழுது. என் பட்டறையில சோறு தின்னுட்டு எனக்கே துரோகம் பண்ண கனகாவுக்குக் கையும் காலும் வெளங்காம போவணும்.”

“அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க.”

“ஓட்டுப் போடறப்ப அது அவளுக்குத் தெரியலயா? திங்கக்கெழமையிலேருந்து வேலையும் கெடையாது. எழுதுடி.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோயில் ஆடு ஒன்றைப் பார்த்தேன். ஆடும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அவள் எழுத ஆரம்பித்தாள். அவன் சொன்னது நாலு வரி. அவள் எழுதியது பக்கம் முழுக்கப் போயிற்று.

“என்னாத்த அவ்ளோ எழுதற?” தாளைப் பிடுங்கி என்னிடம் நீட்டினான். “மாமா, படி.”

முதல் வரியைப் பார்த்தேன். சூளைக் கதவை வெறுங்கையால் திறந்தவன் நான். அன்றைக்குத்தான் வியர்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்: “சாமி, எங்க பட்டறையில சோறு தின்ன கனகா எங்களுக்குத் துரோகம் பண்ணிட்டா. அவளுக்குக் கையும் காலும்...”

“மாமா, நிறுத்துங்க.” பெரியநாயகி எழுந்துவிட்டாள். “சாமி வாசல்ல பொய் படிக்காதீங்க. அது உங்க மேல திரும்பும்.”

தாளை என் கையிலிருந்து வாங்கினாள். பின்னால் பிராது கட்ட வந்த ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணீரென்று படித்தாள்.

“கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு, மாணிக்கவேல் சம்சாரம் பெரியநாயகி எழுதிக்கொண்டது. மாத்திப் போட்டது கனகா இல்லை. நான். எனக்கு நானே ஓட்டுப் போடவில்லை. கக்கூஸ் வேண்டும் என்று காசியம்மாளுக்குப் போட்டேன். அது குற்றம் என்றால் என் கையை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் இல்லை என்றால், கனகாவின் வேலையைப் பிடுங்கும் என் வீட்டுக்காரரை நீங்களே கேளுங்கள்.”

வரிசையில் நின்ற ஒரு கிழவி மட்டும் “அதான!” என்றாள்.

மாணிக்கவேல் முகம் சுடாத மண் மாதிரி வெளுத்தது. கை ஓங்கினான். ஓங்கிய கைக்கு நேரே முனியப்பர் உருட்டி விழித்துக்கொண்டு நின்றார். கை அப்படியே மேலே போய்த் தலையைச் சொறிந்தது. அது இறங்குவதற்குள் எனக்கு நாலு வயசு கூடிவிட்டது.

“ஒரு ஓட்டுடி” என்றான். “ஒரே ஒரு ஓட்டுல என் மானத்த வாங்கிட்டியே. புருசன் கட்சிக்கே போடலன்னா நீ என்னா பொண்டாட்டி?”

“தாலி கட்டினது உங்களுக்குத்தாங்க. முத்திரைய என் கையிலதான் குடுத்தாங்க.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். தலைவர் படத்துக்குக் கீழ எடமில்லன்னீங்க.”

அவள் தாளை மடித்து உள்ளே போய்ச் சாமி காலடியில் வைத்து வாங்கி வந்தாள். வேலில் கட்டப் போனபோது முடிச்சு விழவில்லை. கிழவிதான் நூலைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து மாணிக்கவேல் டிவிஎஸ் ஐம்பதை உதைத்தான். ஏழு உதைக்கு அது கிளம்பியது.

“ஏறு.”

அவள் ஏறவில்லை. “கனகா?”

வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று நானே பயந்தேன்.

“சாமிகிட்டதான் கேஸ் போட்டுட்டியே” என்றான் கடைசியில், அவளைப் பார்க்காமலே. “தீர்ப்பு வர்றவரைக்கும் நான் யாரு அவள நிறுத்த? வரச் சொல்லு.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளைப் பிடிக்கவில்லை. பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இடமில்லை. பஸ்ஸுக்கு நின்றேன்.