ரெண்டு ஆள் தூண்டில்

தர்மராஜ் ஒன்றும் ஊமை இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் அவர் ஒரு சத்தம் போட்டால் பக்கத்து ஷெட்டுக்காரன் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்ப்பான், அப்படிப்பட்ட தொண்டை. ஆனால் பங்குனி மாதம் லேத் மெஷின் அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோனதிலிருந்து, வீட்டில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் கார்டுகூட நிரம்பாது. "சோறு போடு." "போதும்." "விளக்கை அணை." எட்டு மாதமாக இவ்வளவுதான்.

அவர் மனைவி செல்லக்கிளிக்கு, விரல் இல்லாத கைகூடப் பழகிவிட்டது. இந்த மௌனம்தான் பழகவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு காவிரிக்குப் போய்விடுவார். திரும்பி வந்து அவர் அளக்கிற கதை, பிடித்து வந்த மீனைவிட நீளமாக இருக்கும். வலையை விரித்து வீச விரல் வேண்டுமே. வலை பரணுக்குப் போயிற்று. கூடவே கதையும் போயிற்று. இனி ஞாயிறு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மனிதரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெகபர் அலி கயிறு, முள், வலை நூல் விற்கிற கடை வைத்திருந்தார். மாற்றலாகிப் போன ரயில்வே அதிகாரி ஒருவர் விட்டுப்போன தூண்டில்கள், நூலைச் சுற்றிக்கொள்ளும் ரீல் வைத்தவை, அவரிடம் வந்திருப்பதாகச் செல்லக்கிளியின் காதில் விழுந்தது. போய்ப் பார்க்கலாமா என்று மூன்று ஞாயிறு கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். நாலாவது ஞாயிறு, அவள் கேட்காமலே சட்டையை மாட்டிக்கொண்டார். வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார். வெளியே போனால் எப்போதும் அப்படித்தான்.

ஜெகபர் அலிக்கு ஆள் வந்தால் போதும், வாய் ஓயாது. இரண்டு தூண்டிலை எடுத்து வைத்தார். ஒன்று ஏழடி, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. கரையில் நின்று வீசுவதற்கு. இன்னொன்று குட்டை, தடி. அதில் உருளை மாதிரி ஒரு ரீல். படகுக்குப் பின்னால் நூலை விட்டு இழுத்துக்கொண்டு போவதற்கு. இரண்டுக்கும் புழு வேண்டாம், மாவு வேண்டாம். நுனியில் பளபளவென்று ஒரு ஸ்பூன். அது தண்ணீருக்குள் புரண்டு புரண்டு வருவதைப் பார்த்து, ஏதோ குஞ்சு மீன் தப்பி ஓடுகிறதென்று வாளை மீன் பாய்ந்து கவ்வுமாம். கரண்டியைக் காட்டி மீனை ஏமாற்றுகிற காலமா இது என்று செல்லக்கிளி கேட்டாள். தர்மராஜ் உதட்டோரம் லேசாக அசைந்ததுபோல் இருந்தது. அதற்கே அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

தர்மராஜ் ஏழடித் தூண்டிலைத்தான் இடது கையால் தொட்டார். அவர் கணக்கு அவளுக்குப் புரிந்தது. ஆள் இல்லாத கரையாகப் பார்த்துத் தனியாகப் போய் நிற்கலாம். கையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வீசிப் பாத்துடுங்கண்ணே" என்று அலி இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடத்துறைக்கு நடந்தார். கார்த்திகைத் தண்ணீர் கலங்கல் அடங்கித் தெளிந்திருந்தது. படித்துறையில் குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள் என்று நாலைந்து பேர்.

நூலை ஆள்காட்டி விரலில் மாட்டி, ரீலின் கம்பியைத் திறந்து, வீசுகிற வேகத்தில் விரலை விடவேண்டும், அவ்வளவுதான் என்று காட்டிவிட்டு, அலி தூண்டிலை நீட்டினார். எல்லாம் அந்த ஒரு விரலில்தான் இருந்தது. பாவம், துண்டுக்குள் இருந்த கையைப் பற்றி அலிக்கு என்ன தெரியும்? தர்மராஜ் கையிலிருந்து துண்டை எடுத்தார். மோதிர விரலில் நூலை மாட்டப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டே இருந்தது. வீசினார். ஸ்பூன் காலடியில் விழுந்தது. இடது கைக்கு மாற்றி வீசினார். அது பக்கத்துப் புதரில் போய் மாட்டியது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செல்லக்கிளிக்கு அவர்கள் எல்லாரையும் ஆற்றில் தள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் அலி அந்தக் கையைப் பார்த்தார். போய்ப் புதரிலிருந்து ஸ்பூனைப் பிரித்து எடுத்து வந்தார். பிறகு தாழ்ந்த குரலில், குட்டைத் தூண்டிலுக்கு வீச்சே கிடையாது, இடது கையால் பிடித்துக்கொண்டு மிச்ச விரல்களால் ரீலைச் சுற்றினால் தாராளம் என்றார். ஆனால் ஒன்று: படகை ஓட்ட இன்னொரு ஆள் வேண்டும். இங்கே கிடைப்பதோ பரிசல். பரிசல் சுற்றும், நூல் உட்கார்ந்திருப்பவர்களையே கட்டிப்போட்டுவிடும்.

"அப்ப வேணாம் பாய்" என்று தர்மராஜ் துண்டை எடுத்துக் கையில் சுற்ற ஆரம்பித்தார். இன்று வீட்டுக்குப் போனால் இனி இவர் ஆற்றுப் பக்கமே வரமாட்டார் என்று செல்லக்கிளிக்குத் திட்டமாகத் தெரிந்தது.

அவள் முசிறித் துறையில் பரிசல் போட்டவரின் மகள். பதினைந்து வயதில் அக்கரை குளித்தலைக்கு ஆளும் வாழைத்தாருமாக ஏற்றி இறக்கியவள். கல்யாணமான புதிதில் தர்மராஜ் சொன்னார், ரயில்வேக்காரன் பெண்டாட்டி துடுப்புப் போடுவதா, அதெல்லாம் இனி கூடாது என்று. கண்டிப்பாக இல்லை, பெருமையாகத்தான் சொன்னார். அவளுக்கும் அப்போது அது பெருமையாகவே இருந்தது. பதினோரு வருடம் ஆயிற்று.

"பக்கத்துல துடுப்புப் போட்டாதாங்க பாய் பரிசல் சுத்தும்" என்றாள். "முன்னாடி மண்டி போட்டு, தண்ணிய நம்ம பக்கமா இழுத்தா நேரா போகும்."

அலி தர்மராஜைப் பார்த்தார். தர்மராஜ் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த, ஓடக்காரன் சின்னையனின் பரிசலைப் பார்த்தார். சின்னையன் படியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். பரிசலைப் பார்த்தபடியே தர்மராஜ் கேட்டார்:

"நீ வரியா?"

சின்னையனிடம் கேட்டு வாங்கி, அலியும் தர்மராஜும் பரிசலைப் புரட்டித் தண்ணீரில் விட்டார்கள். செல்லக்கிளி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்விளிம்பில் மண்டி போட்டாள்; தர்மராஜ் குட்டைத் தூண்டிலோடு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் பத்து இழுப்பில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பரிசலும் ஒரு தரம் பாதி சுற்றிப் பயமுறுத்தியது. அப்புறம் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கரையோரத் தண்ணீரில் பரிசல் எதிர்முகமாக நேரே போயிற்று. அவள் முதுகுக்குப் பின்னால் ரீல் கொறகொறவென்று நூலை விட்டது.

மீன் ஒன்றும் சீண்டவில்லை. காவிரிப் பாலத்தை நெருங்கும்போது, "கிளி" என்றார் தர்மராஜ்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர். அவள் துடுப்பை நிறுத்தவில்லை.

"போன விரலு அரிக்குது, கிளி. படுத்தா அரிக்குது. சொறியப் போனா அங்க ஒண்ணுமில்ல. எனக்குப் புத்தி பிசகிப்போச்சோன்னு பயமா இருக்கு. சொன்னா நீயும் பயந்துடுவன்னுதான் வாயே தொறக்கல."

அவளுக்கு முன்னால் ஆறு மங்கிக் கலங்கியது. எத்தனை இரவு, ஒரே பாயில், ஒரு முழம் தள்ளி, இந்த மனிதர் தன்னந்தனியாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறார். திரும்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. திரும்பினால் பரிசல் சுற்றிவிடும். அவள் முகத்தைப் பார்த்தால் அவர் பேச்சும் நின்றுவிடும். திரும்பாமலே கேட்டாள்.

"இப்ப அரிக்குதாங்க?"

"இப்ப இல்ல."

"அரிக்கிறப்ப என்னை எழுப்புங்க."

"எழுப்பி?"

"ரெண்டு பேருமா முழிச்சுக் கெடப்போம்."

பின்னாலிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது; அழுகையாகவும் இருக்கலாம். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். மெஷின், ஆஸ்பத்திரி, கையை மறைத்து மறைத்து நடந்த தெருக்கள், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. பாலத்தடியில் வளைத்துத் திருப்பி, ஆற்றின் இழுப்போடு இறங்கி, படித்துறைக்கு நேராக வந்தபோதும் அவர் முடிக்கவில்லை.

சின்னையன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு நின்றான். அலி கரையிலிருந்து, போதுமா, தூண்டில் எப்படி என்று கத்திக் கேட்டார்.

"இன்னும் மீன் மாட்டலைங்க பாய்" என்று செல்லக்கிளி உரக்கச் சொல்லிவிட்டு, பரிசலை மறுபடியும் எதிர்த் தண்ணீருக்குத் திருப்பினாள்.