வெளியே கொடுத்த மருந்து

கார்த்திகைப் புயலில் கல்வராயன் மலையில் பெய்த மழை மொத்தமும் ஒரே ராத்திரியில் அடிவாரத்துக்கு இறங்கியது. சிற்றேரிப்பட்டு ஏரி உடைந்தது. பள்ளத்தில் இருந்த காலனிதான் முதலில் முங்கியது. தண்ணீர் வடிந்தபோது அங்கே சுவர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சனங்கள் உடைந்த ஏரிக்கரை மேலேயே சாக்கையும் தார்ப்பாயையும் கட்டிக்கொண்டு ஒண்டிக் கிடந்தார்கள். மேட்டில் இருந்த ஊர்த்தெருவில் ஓடுகள் பறந்ததோடு சரி.

கள்ளக்குறிச்சியிலிருந்து டாக்டர் ஜெயப்பிரகாஷ் ஒரு வேன் நிறைய மருந்தோடு வந்து, அரசுப் பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் போட்டார். புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தபோது வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் இன்னும் ரோட்டோரம் கிடந்தன. அவற்றைச் சுற்றிச் சுற்றித்தான் வேன் ஊருக்குள் வர முடிந்தது.

“புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று டாக்டர் கேட்டதும் அமிர்தம்தான் முன்னால் வந்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் நர்ஸ் படிப்பு படித்து, கொஞ்ச நாள் வேலையும் பார்த்தவள். நாராயணசாமி வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு, வேலைக்குப் போகிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இப்போது நாராயணசாமியே பெருமையாகத் தலையாட்டினார். ஊரில் அவர் சொல்தான் சொல். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டதும், டாக்டருக்குச் சாப்பாடு அனுப்புவதும் அவர்தான்.

முதல் நாள் காலையிலேயே அவர் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“காலனி ஆளுங்க உள்ள வந்தா தெருவுல இருந்து ஒருத்தரும் வர மாட்டாங்க டாக்டர். பின்னால வேப்பமரம் இருக்குது பாருங்க, அங்க நிக்க வெச்சு மாத்திரை குடுத்தனுப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஊருக்குள்ள வம்பு வேணாம்னு சொல்றேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மருந்து போய்ச் சேர்ந்தா சரி” என்றார்.

பக்கத்து அறையில் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்த அமிர்தத்தின் காதிலும் இது விழுந்தது, சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. உள்ளே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் ஒரு கூடையில் மாத்திரைகளை எடுத்துப்போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். என்ன தொந்தரவு என்று கேட்டு, வந்து டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்னதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தூறலில் சேலை நனைந்தது. நல்லதுதான் செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

அப்படி வந்து நின்றவர்களில் பிச்சைமுத்துவும் ஒருவர். அவர் நாராயணசாமியின் கரும்புத் தோட்டத்தில் பல வருஷம் வெட்டுக் கூலியாக இருந்தவர். வெள்ளத்தில் விடிய விடிய கழுத்தளவு தண்ணீரில் நின்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றியிருந்தார். இப்போது இருமி இருமி, மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“நெஞ்சுல குத்துதும்மா. மூச்சு இழுத்தா கத்தி சொருவுற மாதிரி இருக்குது.”

அமிர்தம் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். “ஒரு தடவை வந்து பாருங்க சார்” என்றும் சொன்னாள். அவரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். “ஜுர மாத்திரை குடுங்க, நாளைக்குப் பாக்கலாம்” என்றார். அவள் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாளும் பிச்சைமுத்து வந்தார், மறுநாளும் மாத்திரைதான். அதற்கு அடுத்த நாள் விடிவதற்குள் ஏரிக்கரைமேல் செத்துப்போனார்.

அன்றைக்கு முகாம் திறந்ததும் பிச்சைமுத்துவின் தங்கை இருசம்மாள் வந்தாள். தகரம் கிழித்து அவள் பாதத்தில் ஒரு பக்கம் பிளந்திருந்தது. சுற்றியிருந்த துணி முழுக்க ரத்தமும் சேறுமாக இருந்தது. அவள் வேப்பமரத்துக்குப் போகவில்லை. நேராக வந்து பள்ளிக்கூட வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அமிர்தம் பதறி ஓடினாள். “இங்க ஏன் உக்காந்துட்ட? அந்தப் பக்கம் வா, நான் கட்டுப் போட்டு விடறேன்.”

இருசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது ஓய்ந்த கண்கள் அவை.

“டாக்டரு எங்க இருக்காரு சின்னம்மா?”

“உள்ளதான்.”

“அப்ப நானும் உள்ளதான் வருவேன். எங்கண்ணன் மரத்தாண்ட நின்னு நின்னுதான் செத்தான். அவன் நெஞ்சுல ஒருத்தரும் காதை வெச்சுக் கேக்கல. நீயும் கேக்கல.”

அமிர்தத்துக்கு முகம் எரிந்தது. முதலில் வந்தது கோபம்தான். இந்த மழையில் ஓடி ஓடிச் செய்ததற்கு இதுவா பேச்சு என்று. ஆனால் இருசம்மாள் கேட்டதில் என்ன தப்பு? ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மரத்துக்கும் டாக்டர் மேசைக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது.

அதற்குள் விஷயம் தெரிந்து நாராயணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னா இருசம்மா, புதுசா பழக்கம்? எழுந்து பின்னால போ.”

அவரை ஆண்டே என்று கூப்பிட்டே பழகியவள் அவள். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

“இது கவர்மெண்டு பள்ளிக்கூடம் பெரியவரே. இந்தச் செவுத்துக்கு ஜல்லி சொமந்தவ நானு. சொமக்கசொல்ல உள்ள வந்தேன், அப்ப தீட்டு இல்லையா?”

தெரு ஆட்கள் சளசளவென்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அமிர்தம் குறுக்கே போய் நின்றாள். நின்ற பிறகுதான், தான் நிற்பதே அவளுக்குத் தெரிந்தது.

“நீ உள்ள போ அமிர்தம்” என்றார் மாமனார்.

“மாமா, புரட்டாசில ரோட்டுல உக்காந்துகினு இன்னா கேட்டீங்க?”

“இன்னாது?”

“எங்க புள்ளைங்களும் படிக்கணும், எங்களையும் மனுசனா மதிக்கணும்னு கத்துனீங்க. உங்க புள்ள போலீஸ்ல அடி வாங்கி முதுகு பிஞ்சு வந்தாரு. டவுனுல ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கினு போனோம். மரம் வெட்டுற பசங்களுக்கு இங்க வைத்தியம் இல்லன்னு வாசல்ல நிக்க வெச்சானுங்க. நீங்க எப்படிக் கொதிச்சீங்க! நாங்க இன்னா நாயான்னு கேட்டீங்க. நான் பக்கத்துல நின்னேன் மாமா.”

நாராயணசாமியின் முகம் கறுத்தது. “அது வேற, இது வேற.”

“எது வேற? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும். எது வேற?”

அவர் தெரு ஆட்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அமிர்தம் குனிந்து இருசம்மாளின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வாசல்படி ஏற்றி உள்ளே கூட்டிப்போய், டாக்டருக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். உள்ளே இருந்த தெருவாசிகள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். அவர்களில் ரங்கம்மாள் என்ற ஒருத்தி மட்டும் காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். புருஷன் வெளியிலிருந்து அதட்டினான். “எம்புள்ளைக்கு ஊசி போடணும். நீ போய்க்கினே இரு” என்றாள் அவள்.

“தையல் போடணும் சார்” என்றாள் அமிர்தம்.

டாக்டர் வாசலைப் பார்த்தார்.

“அங்க இன்னா பாக்குறீங்க? புண்ணு இங்க இருக்குது. நீங்க படிச்சதுல மரத்தடின்னு ஒரு பாடம் இருந்துச்சா சார்? அந்த மனுசனுக்கு நெஞ்சுல சளி கட்டிப்போச்சுன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு. எழுந்து வர உங்களுக்கு மனசு வரல. கையைப் புடிச்சு இழுத்துனு போவ எனக்குத் தைரியம் வரல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாவ வுட்டோம்.”

டாக்டர் நாற்காலியைப் பெஞ்சுப் பக்கம் இழுத்துப் போட்டார். குனிந்து தைத்தார். இருசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. யார் பூட்டியது என்று யாருக்கும் தெரியவில்லையாம். டாக்டர் வேனில் பெட்டிகளை ஏற்றச் சொன்னார்.

“மூங்கில்துறைப்பட்டுல கூப்பிடறாங்கம்மா. இங்க இருந்தா சண்டைதான் வரும்.”

“போங்க. கட்டுத் துணி, மருந்து, ஊசி எல்லாத்தையும் இறக்கி வெச்சுட்டுப் போங்க.”

அவர் இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்தார். எந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று சொன்னார். அவள் முகத்தைப் பார்க்காமலே வேனில் ஏறினார்.

அமிர்தம் ஏரிக்கரையில் தார்ப்பாய்க்குக் கீழே பெட்டியைத் திறந்தாள். பேதியும் சேற்றுப்புண்ணுமாக வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் அவளைக் கொண்டாடவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. சாயங்காலம் புருஷன் இளவரசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“அப்பா உன்னை வூட்டுக்கு வரவேணாம்னு சொல்றாரு.”

“அவரு சொல்றது எனக்குத் தெரியும். நீ இன்னா சொல்ற?”

அவன் பதில் சொல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகில் லத்தி பட்ட இடம் இன்னும் அவனுக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காயத்துக்கு ராத்திரியெல்லாம் மருந்து போட்டவளும் இவள்தான். அவன் போய்விட்டான். அமிர்தம் அன்று ரங்கம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்தாள்.

அடுத்த நாள் இருசம்மாள் கம்பு ஊன்றி வந்து நின்றாள். “தாசில்தாராண்ட போறேன். எங்கண்ணன் எப்படிச் செத்தான்னு சொல்லப்போறேன். நீ வர்றியா சின்னம்மா?”

“வரேன்.”

இருவரும் கரும்பு டிராக்டரில் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். ஆபீசில் வெகுநேரம் நிற்க வைத்தார்கள். கடைசியில் இருசம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டு அதிகாரி நிமிர்ந்து பார்த்து, “வெள்ளத்துல அடிச்சுக்கினு போயி சாகலையே. சளி புடிச்சு செத்தா அதுக்கு நாங்க இன்னாம்மா பண்றது?” என்றார்.

“சளியில சாவல சார்” என்றாள் அமிர்தம். ஆபீசே திரும்பிப் பார்த்தது. “டாக்டரு உள்ள இருந்தாரு. இவங்கண்ணனை வெளிய நிக்க வெச்சோம். சொன்னவரு எங்க மாமனாரு நாராயணசாமி. கேட்டுக்கினு உள்ளயே இருந்தவரு டாக்டரு. வெளிய மாத்திரை கொண்டுபோய்க் குடுத்தவ நான். எங்க வேணா வந்து சொல்றேன். எழுதிக்குங்க.”

அதிகாரி எழுதவில்லை. ஆனால் இரண்டு நாளில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து பூட்டைத் திறக்கச் சொன்னார். வேறொரு டாக்டர் வந்தார். முன்வாசல் வழியாகவே எல்லாரும் போனார்கள். தெருவில் பாதிப்பேர் கடைசிவரை வரவே இல்லை. நாராயணசாமி, தான் எதுவும் சொல்லவில்லை என்றே சாதித்தார். பிச்சைமுத்து சாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முகாம் முடிந்த பிறகு அமிர்தம் கச்சிராயபாளையத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பல மாதம் கழித்து இளவரசன் ஒரு தகரப்பெட்டியோடு அங்கே வந்து சேர்ந்தான். அவள் உள்ளே வரச் சொல்லிச் சோறு போட்டாள். ஆனால் அவன் சோற்றில் கை வைக்குமுன் கேட்டாள்:

“அன்னைக்கு ஏரிக்கரைல நான் கேட்டதுக்கு இன்னும் நீ பதில் சொல்லல.”