பார்த்தேன், ஓட்டலாம்

நர்ஸம்மா எட்டு மாதமாகக் காத்திருந்த சைக்கிள் ஃபிரேம் அது. ஆள் கொஞ்சம் குள்ளம். கடையில் விற்கிற சைக்கிளில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. ஐம்பது வருஷத்துக்கு முன் செய்த சின்ன அளவு எஃகு ஃபிரேம் ஒன்று துருவேறிப் பட்டறைக்கு வந்தபோது, பட்டறைக்காரர் முதலில் போன் போட்டது அவருக்குத்தான்.

இன்று அதை வாங்கிப் போக வந்திருந்தார். சுற்றி எடுத்துப்போக வீட்டிலிருந்து பழைய போர்வை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கொக்கியில் தொங்கிய ஃபிரேம் கரும்பச்சையில் மினுங்கியது. ஓரமெல்லாம் மெல்லிய தங்கக் கோடு.

"கண்ணு பட்டுடும் போல இருக்கே. பின்னாடி சீட் வச்சு என் பொண்ணை ஸ்கூல்ல விடணும். பாலத்து இறக்கத்துல ரெண்டு கையையும் விட்டுட்டுக் கத்துவா. சொன்னா எங்க கேக்கிறா?"

"அவ கத்தட்டும்மா, நம்ம ஃபிரேம் கத்தாது" என்று சிரித்தான் மச்சான்.

மச்சான் என்றால் பட்டறைக்காரரின் மனைவிக்குத் தம்பி. பதினெட்டு வருஷமாக இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். இவர் வெட்டுவார், ஒட்டுவார். அவன் வர்ணம் பூசுவான். ஒவ்வொரு குழாயையும் கரண்டிக் காம்பால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பது இவர் வழக்கம். தெருவில் இவருக்கு டிங்டிங் என்றே பெயர். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் நீலச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போடுவார். வட்டம் இருக்கிறவரை வர்ணம் கிடையாது. எல்லாம் சரியானால் ஒரு அட்டையில் "பார்த்தேன், ஓட்டலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபிரேமில் கட்டுவார். அந்த அட்டையை நம்பித்தான் ஜனங்கள் வந்தார்கள்.

போன மாதம் பட்டறைக்காரரின் மகளுக்குப் பிரசவம். மூன்று வாரம் அவள் ஊரிலேயே இருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது பத்து அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டு மச்சானிடம் கொடுத்தார். "நான் பார்த்து முடிச்சதுக்கு மட்டும் கட்டு" என்றார்.

"எதுல கட்டப் போறாங்கன்னு தெரியாமலே யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"உன் தம்பிதானே" என்றார் இவர்.

நேற்றுச் சாயங்காலம்தான் திரும்பி வந்திருந்தார். இப்போது நர்ஸம்மா அட்டையைக் கையில் பிடித்து வாய்விட்டுப் படித்தார். அதைக் கேட்டதும் பட்டறைக்காரர் ஃபிரேமின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஊருக்குக் கிளம்பிய அன்று இந்த ஃபிரேமின் அடியில், பெடல் அச்சு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், தன் கையாலேயே நீல வட்டம் போட்டது நினைவுக்கு வந்தது. நகத்தளவு விரிசல்.

அப்போதும் அவர் நல்லதைத்தான் நினைத்தார். வேறு யாரிடமாவது கொடுத்து ஒட்ட வைத்திருப்பான், சொல்ல மறந்திருப்பான். கரண்டியை எடுத்தார். மற்றக் குழாய்கள் கணீரென்று பாடின. அந்த இடம் மட்டும் ஈர மண்ணைத் தட்டியதுபோல் மொத்தென்றது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பச்சைக்குக் கீழே வெள்ளையாக உதிர்ந்தது. பட்டி. சுவரில் ஓட்டை அடைக்கிற பட்டி.

சுண்ணாம்பைத் துடைத்தவன் கவனமில்லாமல் துடைத்திருக்கலாம். பட்டி வைத்தவன் கவனமில்லாமல் வைத்திருக்க முடியாது.

"மச்சான், இது என்ன?"

"எது மாமா?"

"கீழ பாரு."

அவன் பார்க்கவில்லை. தெரியாதவனாக இருந்தால் குனிந்து பார்த்திருப்பான். நர்ஸம்மாவுக்குக் கேட்காதபடி இவரை ஓரமாக இழுத்தான்.

"முடி மாதிரி ஒரு கீறல் மாமா. இவங்க நாலு தடவை போன் பண்ணிட்டாங்க. நீங்க அங்க பேரனைக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க. நாளைக்கு, நாளைக்குன்னு எத்தனை தடவை சொல்றது?" பிறகு காதருகே வந்து குரலை இன்னும் தாழ்த்தினான். "அவங்க போகட்டும், பேசிக்கலாம். வர்ணம் இன்னும் காயல, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லி அனுப்பிடுங்க. வெளி ஆளு முன்னாடி என்னை நிக்க வைக்காதீங்க, மாமா."

அப்படியும் சொல்லிவிடலாம். ஒரு சின்னப் பொய். வீட்டு மானம் வீட்டோடு இருக்கும். பட்டறைக்காரர் கண்ணை மூடினார். ஆண்டவனே, இந்த வாயை இத்தனை வருஷம் நேராக வைத்தாய், இன்றைக்கும் வை என்று வேண்டிக்கொண்டார். கண்ணைத் திறந்து நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, இதுல விரிசல் இருக்கு. ஒட்டாம பட்டி வச்சு மூடியிருக்கோம். கையெழுத்து என்னுது. ஆனா நான் பார்க்கல."

நர்ஸம்மா கையிலிருந்த அட்டையை விட்டுவிட்டார். பாலத்து இறக்கத்தை நினைத்திருப்பார். பட்டறைக்காரர் திட்டு விழுமென்று தலைகுனிந்து நின்றார்.

"ஒட்டினா சரியாயிடுமா?" என்றார் நர்ஸம்மா.

"பெயின்டை எரிச்சு எடுத்துட்டுப் பித்தளை வச்சு ஒட்டணும். ரெண்டு வாரம் ஆகும்."

"எட்டு மாசம் பார்த்தாச்சு, ரெண்டு வாரம் என்ன. நீங்களே ஒட்டுங்க, நீங்களே தட்டிப் பாருங்க." போர்வையை மடித்து மேஜையில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும். ஆனதும் இதுல சுத்தி வைங்க." வாசல் வரை போனவர் திரும்பினார். "முகமெல்லாம் வெளுத்திருக்கு. ஒரு வாய் தண்ணி குடிங்க."

பட்டறைக்காரர் தண்ணீரைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு மச்சானிடம் கேட்டார்.

"வேற எதுலயாவது இப்படிப் பண்ணியா?"

"என்ன மாமா, என்னைத் திருடன் மாதிரி..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மச்சான் தூரிகையை எடுத்துத் துணியில் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அந்தக் கறுப்பு ஃபிரேம். தபால்காரர் வாங்கிட்டுப் போனது." பிறகு சமாதானம்போலச் சொன்னான்: "அதுல பட்டி கொஞ்சம்தான்."

நாளெல்லாம் மூட்டை சுமந்து சைக்கிள் மிதிக்கிறவர் தபால்காரர். பட்டறைக்காரர் கதவைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். கூட வா என்று கூப்பிடவில்லை. ஆனாலும் பின்னால் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில், "அக்காகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டான். அவர் நடையை நிறுத்தவில்லை. அவர் காய்ச்சலில் கிடந்தபோது வாயில் கஞ்சி ஊட்டியவன் இவன். அந்தக் கையும் பட்டியை வழித்த கையும் ஒன்றுதான் என்பதை அவர் மனம் ஏற்க மறுத்தது.

தபால்காரர் வீட்டு மாடிப்படியின் கீழே கறுப்புச் சைக்கிள் முழுசாக நின்றது. ஆண்டவனே, நன்றி என்று சொல்லிக்கொண்டு மணியை அழுத்தினார். பனியனோடு கதவைத் திறந்தார் தபால்காரர்.

"என்ன டிங்டிங், தபால் நாங்கதானே கொண்டுவரணும். நீங்க வீடு தேடி வந்திருக்கீங்க?"

பட்டறைக்காரர் வாயெடுப்பதற்குள் மச்சான் முன்னால் வந்தான். "சார், சைக்கிளை இனிமே எடுக்காதீங்க. அடியில விரிசல் இருக்கு. நான்தான் பட்டி வச்சு மறைச்சேன். மாமாவுக்குத் தெரியாது."

விரிசல் எங்கே, எத்தனை நீளம், பட்டி எந்தக் கிழமை வைத்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். குரல் உடைந்தது. தப்பை ஒத்துக்கொள்ளவும் ஒரு தைரியம் வேண்டும். அதை ஆண்டவன் அவனுக்குக் கொடுத்திருந்தான். பட்டறைக்காரர் அதைப் பார்த்தார், மனதாரச் சந்தோஷப்பட நினைத்தார். ஆனால் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், இது நிஜமா, இதிலும் ஏதாவது மறைக்கிறானா என்று உள்ளுக்குள் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினெட்டு வருஷத்தில் அவனிடம் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.