கன்னமா, நெற்றியா

"அந்தத் தொட்டிலை நிறுத்தித் தொலைடி! எந் தம்பி மூச்சுக்குத் தவிக்கிறது காதுல விழலையா?" என்றாள் யூடித்.

மார்ரித் நிறுத்தவில்லை. தொட்டில் என்பது ஹார்லெம் அச்சுக்காரர்கள் பல் வைத்த வளைந்த உளிக்கு இட்ட பெயர். அதைச் செப்புத்தகட்டின்மேல் இப்படியும் அப்படியும் ஆட்டி, நெடுக்கிலும் குறுக்கிலும் பொடிப்பொடியாகக் குத்தினால் தகடு முழுக்க மை பிடிக்கும். தாளில் வெறும் கறுப்பு விழும். சுரண்டிய இடம் மட்டும் மை பிடிக்காமல் வெளுக்கும்; அப்படிச் சுரண்டிச் சுரண்டித்தான் யூடித்தின் தம்பி பாரெண்ட் முகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவான். கறுப்பைப் போடுவது அவன் மனைவி மார்ரித்தின் வேலை. அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"நானாவா ஆட்டுறேன் அண்ணி? அவருதான் கேக்குறாரு. லீஸ்பெத் முகத்தைப் போட்டுட்டுத்தான் போவேங்குறாரு."

லீஸ்பெத், போன குளிர்காலத்தில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த மகள். ஊரார் முகமெல்லாம் போட்டவன், பெற்ற பிள்ளையின் முகத்தை அப்புறம் போடலாம் என்று விட்டிருந்தான்.

மதியத்துக்கு மேல் தகடு தயாரானது. இருவருமாக அவனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். மார்ரித் தகட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் சுரண்டுகத்தியை ஓர் இடத்தில் வைத்து மெல்ல இழுத்தான். மறுபடி இழுத்தான்.

"வெளிச்சம் பத்தல," என்றான்.

யூடித் சன்னலை அகலத் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் கத்தி போர்வைமேல் கிடந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அச்சுக்கடை ஓட்டோ வந்தார்.

"பாதிரியார் படத்துக்கு அவசரமா ஒரு தகடு வேணும் மார்ரித். இது நல்லா அமைஞ்சிருக்கு. சுரண்டின இந்தக் கட்டைவிரல் அகலத்தை மட்டும் திரும்பக் கறுப்பாக்கிக் குடுத்துடும்மா. கொஞ்ச நேர வேலைதானே."

"நாளைக்கு வாங்க," என்றாள் மார்ரித். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் போனதும், "அதுல மையைத் தடவு," என்றாள் யூடித். இருவருமாக அச்சு இழுத்தார்கள். தாள் முழுக்க இருட்டு. நடுவில் சாம்பலாக ஒரு வெளுப்பு.

"கன்னம்," என்றாள் யூடித்.

"இல்ல அண்ணி. நெத்தி."

"எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளர்த்த புள்ளடி. கன்னம்தான்."

"நெத்தி."

மேசையில் மோர்க்கஞ்சி ஆறி ஏடு கட்டியிருந்தது. யூடித் தாளைச் சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள்.

"இரு, மை காயட்டும். நீ உக்காரு," என்று நாற்காலியை மார்ரித் பக்கம் இழுத்துப் போட்டாள்.