கம்பத்தடியில் குட்டை

தீவில் ஆளில்லை. பறவைகள் குஞ்சு பொரிக்கும் நான்கு மாதமும் யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது. இருப்பதெல்லாம் ஒரு கம்பம், அதன் உச்சியில் கேமரா, பக்கத்தில் மைக், ஐந்து லிட்டர் தண்ணீர்த் தொட்டி. உப்புக் காற்று கண்ணாடியில் படிந்தால், நானூறு கிலோமீட்டர் தள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். மோட்டார் முனகும், ஒரு மடக்குத் தண்ணீர் பீய்ச்சும், துடைப்பான் ஒருமுறை போய்வரும். மிச்சம் கம்பத்தில் வழிந்து கீழே சொட்டும்.

கம்பத்திலிருந்து ஆறடியில் ஒரு கூடு, அதில் இரண்டு குஞ்சுகள். சின்னதுக்கு அவள் வைத்த பெயர் குட்டை. பறக்க இன்னும் இருபது நாள். வெயிலோ கொளுத்தியது. ஒருநாள் துடைத்து முடித்ததும் குட்டை தத்தித் தத்தி வந்து அந்தச் சொட்டைக் குடித்தது. அன்றிலிருந்து மணிக்கொரு தரம் அழுத்தினாள்.

பக்கத்து நாற்காலியில் நாத்தனார். கேமராவின் நேரலையை இணையத்தில் பார்ப்பவர்கள் எழுதுவதைப் படித்துப் பதில் போடுவது அவள் வேலை.

"கண்ணாடி பளபளன்னுதானே இருக்கு அண்ணி, யாருக்குத் துடைக்கிறீங்க?"

"பாவம்டி. நாக்கு வறண்டு நிக்குது."

"எங்கம்மா ஒரு டம்ளர் தண்ணி கேட்டா மட்டும் உங்களுக்குக் காது கேக்காது."

ஒரு வாரத்தில் குட்டை கூட்டுக்குத் திரும்புவதையே விட்டுவிட்டது. கம்பத்தடியே கதி.

இந்தப் பறவைக்குப் பிள்ளையின் முகம் தெரியாது, இடம்தான் தெரியும். கூட்டுக் குழிக்குள் திறக்கிற வாய் எதுவானாலும் மீன் கிடைக்கும். விளிம்பைத் தாண்டி நிற்கிற வாய் அந்நியன். இது அவளுக்குத் தெரியாததல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவளே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள்.

எட்டாம் நாள் காலையில் தாய் மீனோடு இறங்கியது. குட்டை கம்பத்தடியிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு ஓடியது. தாய் அதன் மண்டையில் நான்கு கொத்து கொத்தி விரட்டிவிட்டு, மீனைப் பெரியதன் வாயில் கக்கியது.

"படகு அனுப்பச் சொல்லலாமா?"

"ஒரு குஞ்சுக்காக ஆள் இறங்கினா, ஆயிரம் கூடு கலைஞ்சு போயிடும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே அண்ணி?"

தண்ணீரை நிறுத்தினால் கூட்டுக்குப் போய்விடும் என்று இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். போகவில்லை. நிழல் நகர நகரக் கம்பத்தைச் சுற்றியே நகர்ந்தது. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் அழுத்தினாள்.

மோட்டார் முனகியது. தண்ணீர் வரவில்லை. தொட்டி காலி. காய்ந்த துடைப்பான் இரண்டு நாள் உப்பைக் கண்ணாடி முழுக்க இழுகிவிட, திரை வெள்ளையானது.

மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. டொக், டொக் என்று அலகு கம்பத்தைத் தட்டியது.

"கூட்டம் ஏறுது அண்ணி! யாரு கதவு தட்டறாங்கன்னு கேக்கறாங்க. மைக்கை மூடிடாதீங்க."

ஒருவேளை அடியில் ஒரு மடக்கு தேங்கியிருக்கும் என்று மறுபடி அழுத்தினாள். மோட்டார் சத்தம் கேட்டதும் தட்டல் வேகமானது.